பச்சையாகவே வாடும் தக்காளி: வீட்டுத் தோட்டத்து மண்நோய் பற்றி ஒரு பாடம்

மாணவியாக இருந்த காலத்தில் இத்தகைய மலர்களுக்குப் புதுக்கவிதைகள் எழுதியவள் நான். அவற்றை யாரும் தேடி எடுத்துப் படிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அழைத்த தம்பியிடம், "தக்காளிச் செடிக்கு வரும் வாடல் நோயைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுதுங்கக்கா. எங்கம்மா வெச்ச அஞ்சு தொட்டியும் செத்துப் போச்சு. என்னான்னே தெரியல" என்றார்.

அந்த அம்மாவை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவள் அல்லள். பொருளியல் படித்துவிட்டுக் கணக்கு ஏடுகளோடு காலம் தள்ளுபவள். ஆயினும் தக்காளிச் செடி எப்படிச் சாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சாவுகளில் ஒரு பங்கு என் கையாலேயே நடந்தது. பாடத்தின் முக்கியமான பகுதி அதுதான் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியுள்ளது.

கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீடொன்றில் என் அம்மா தனியாக வசிக்கிறார். சமையலறைக்கும் பின்பக்கக் கால்வாய்க்கும் நடுவே ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு மண்தரை உண்டு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அவர் அங்கே, நான் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில். ரசத்துக்கு வாங்கி அழுகத் தொடங்கிய இரண்டு தக்காளிகளைப் பிழிந்து, விதையைத் தயிர் டப்பாவில் தூவினார். அவ்வளவுதான் தொடக்கம். ஆண்டு முடிவதற்குள் கொய்யாப்பிஞ்சு அளவில் காய்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும், எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் கிண்ணத்தில் போய்க்கொண்டிருந்தன. புலனத்தில் தினமும் எனக்குப் படம் வரும். அப்பா இறந்த பிறகு அம்மா இவ்வளவு பேசியதில்லை.

முதல் செடி 2022-இல் விழுந்தது. கால்வாய் ஓரத்தில், மழை பெய்தால் தண்ணீர் சற்றுத் தேங்கும் மூலையில் நின்ற செடி அது. நண்பகலில் தலை தொங்கியது, மாலையில் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் நிமிரவில்லை. இலைகள் மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை, பூச்சியும் இல்லை. கொதிநீர் ஊற்றிய கீரையைப்போல் பச்சையாகவே துவண்டு தொங்கின. பிறகு அதற்குப் பக்கத்துச் செடி, அதற்கடுத்தது என்று வரிசையாகப் போயின.

நான் என்ன செய்தேன்? படித்த பிள்ளை அல்லவா, வரிசையாக அறிவுரை வழங்கினேன். வாடுகிறது என்றால் தண்ணீர் போதவில்லை, இருவேளை ஊற்றுங்கள் என்றேன். பிறகு சத்துக் குறைவாக இருக்கலாம், உரம் போடுங்கள் என்றேன். பிறகு கடையில் விற்கும் பூஞ்சைக்கொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்த் தெளித்தேன். மூன்றும் தவறு. முதலாவது, நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்ற வழி.

அம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னார். "இது வேர்ல வர்ற சீக்கும்மா. தோட்டத்துல பால்மரத்துக்கு வரும். மருந்தெல்லாம் மரத்துக்கு ஊத்த மாட்டாங்க. சீக்கு மரத்தச் சுத்திக் கானு வெட்டி, பக்கத்து மரத்து வேரோட சேராம பாத்துக்குவாங்க." நான் சிரித்தேன். பால்மரம் எங்கே, தக்காளி எங்கே என்றேன்.

அம்மா சொன்னது இரப்பர் மரத்தின் வெள்ளை வேர் நோய். ரிஜிடோபோரஸ் என்னும் பூஞ்சையால் வருவது. பழைய காட்டு மரங்களின் அடிக்கட்டைகளில் தங்கியிருந்து, வேர் வழியாகப் புதுமரத்துக்குத் தாவும். 1925-இல் அமைக்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலத்திலிருந்து இதற்குத் தோட்டங்களில் கையாளப்பட்ட முறைகள் கட்டையைத் தோண்டி எடுப்பது, அகழி வெட்டுவது, நடும் குழியில் கந்தகத் தூள் இடுவது, படர்கொடிப் பயறு வகைகளைத் தரைமூடியாக வளர்ப்பது ஆகியவை. சீக்கு மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்ற அறிவு நம் பாட்டன் பாட்டிமார் லயத்திலிருந்தபோதே அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தக்காளிக்கு வந்தது பூஞ்சை அன்று, வேறோர் உயிரி. ஆனால் அம்மாவின் வழிமுறை சரி. அதைக் கேட்டிருந்தால் அடுத்து வரும் கதையே இருந்திருக்காது.

மூன்று அரிசி மூட்டை மண்

பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பெயரே அவ்விடத்து மண்ணைச் சொல்லும். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பிறகு, பலகையும் அத்தாப்பும் வேண்டாம், கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்ற விதி வந்தது. அதற்குரிய செங்கற்சூளைகள் இருந்த இடம் இது. செங்கல்லுக்கு நல்ல களிமண், தக்காளிக்கு ஆகாது. அருகிலிருந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர்களோடு காய்கறித் தோட்டம் போட 2023-இல் நாங்கள் சிலர் தன்னார்வலர்களாகச் சேர்ந்தபோது, மண்ணுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. "எங்கம்மா வீட்டு மண் கறுப்பா, மண்புழுவோட இருக்கும்" என்று முன்வந்தவள் நான்.

மூன்று அரிசி மூட்டைகளில் நிரப்பிக் கிள்ளான் நிலையத்திலிருந்து கொமுட்டர் இரயிலில் ஏற்றி கேஎல் சென்ட்ரல் வரை கொண்டுவந்தேன். எதிரில் அமர்ந்தவர் மூட்டையில் என்ன என்று கேட்டதற்குப் பெருமையோடு பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. பதினான்கு பைகளில் நிரப்பினோம். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு செடி என்று பெயர் எழுதி ஒட்டினார்கள். பூக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. முதல் பிஞ்சு தெரிந்த வாரத்தில் மூன்று செடிகள் தொங்கின. அடுத்த இரு வாரங்களில் பதினொன்று.

செடிகள் செத்ததைவிட வருத்தமான ஒன்று அங்கே நடந்தது. தண்ணீர் ஊற்றும் முறை அந்த வாரம் ஒரு பையனுடையது. அவன் அதிகமாக ஊற்றிக் கொன்றுவிட்டான் என்று மற்றப் பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். அவன் இடைவேளையில் தோட்டப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான் என்று ஆசிரியை சொன்னார். என் வயிற்றில் அப்போதுதான் புளி கரைந்தது. கால்வாய் ஓரத்துச் செடியும் இந்தச் செடிகளும் ஒரே விதமாகச் செத்தன என்பது எனக்கு மட்டுந்தானே தெரியும்?

கண்ணாடிக் குவளைச் சோதனை

பல்கலைக்கழகக் காலத்துத் தோழி ஒருத்தி செர்டாங்கில் வேளாண்மை படித்தவள். அவளிடம் படங்களை அனுப்பியதும் அவள் மருந்துப் பெயர் எதுவும் சொல்லவில்லை. "ஒரு செடியப் புடுங்கு. ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல சுத்தமான தண்ணி எடு" என்றாள்.

எல்லாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. வாடிய, ஆனால் இன்னும் காயாத செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கூரான கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுமுகம் தண்ணீரில் சற்றே முங்கும்படி, குவளையின் வாயில் ஒரு குச்சியை வைத்து அதில் தண்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆட்டக்கூடாது. கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள், ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்ததுபோல், வெட்டுமுகத்திலிருந்து பால்நிற இழைகள் கீழ்நோக்கி வடிந்தால் அது பாக்டீரிய வாடல். வடியாவிட்டால் வேறு நோய்களைத் தேட வேண்டும்.

எங்கள் தண்டிலிருந்து இரண்டாம் நிமிடத்திலேயே வடிந்தது. அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் தவறாக நினைக்கக்கூடாது.

அந்த இழைகள் ரால்ஸ்டோனியா சொலனசியேரம் என்னும் பாக்டீரியாவின் திரள். அமெரிக்க ஆய்வாளர் எர்வின் ஸ்மித் 1896-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். பெயர் பலமுறை மாறியிருக்கிறது. 2014-இல் இந்த இனத்தையே மூன்றாகப் பிரித்து, ஆசியாவில் பரவலாக உள்ள பிரிவுக்குச் சூடோசொலனசியேரம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். தோட்டம் போடுபவருக்குப் பெயரைவிட அது செய்யும் வேலையே முக்கியம். வேரில் ஏற்பட்ட சிறு காயம் வழியாகவோ, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்து விரிசல் வழியாகவோ உள்ளே புகுகிறது. தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்களில் குடியேறிப் பெருகுகிறது. தன்னைச் சுற்றிக் கோந்து போன்ற ஒரு சளியைச் சுரக்கிறது. குழாய் அடைபடுகிறது. மண்ணில் ஈரமிருந்தும் இலைக்குத் தண்ணீர் போவதில்லை. இலை மஞ்சளாக நேரம் கிடைக்காமல் பச்சையாகவே தொங்குவதற்குக் காரணம் இதுதான். மேலே எதைத் தெளித்தாலும் பயனில்லாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் வாடும் தக்காளி எல்லாம் இந்நோய் கொண்டவை அல்ல. குவளையில் ஒன்றும் வடியாமல், கீழ் இலைகள் முதலில், சில வேளைகளில் செடியின் ஒரு பக்கம் மட்டும், மஞ்சளாகி, தண்டை நீளவாக்கில் பிளந்தால் பழுப்புக் கோடு தெரியுமானால் அது பியூசேரியம் என்னும் பூஞ்சை வாடலாக இருக்கலாம். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதில் கடுகு போன்ற பழுப்பு மணிகள் இருந்தால் அது ஸ்கிளரோஷியம் என்னும் வேறொரு பூஞ்சை. வேரை அலசிப் பார்க்கும்போது உருத்திராட்ச மாலைபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர் கறுத்து அழுகி நாறினால் பெரும்பாலும் நம் தண்ணீர்க் குடமே குற்றவாளி. பூஞ்சை நோய்களுக்கு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை மண்ணில் சேர்ப்பது ஓரளவு உதவும். அதே பொட்டலத்தைப் பாக்டீரிய வாடலுக்குப் போட்டால் பணந்தான் நட்டம். நோயின் பெயரை அறியாமல் மருந்துக்கடைக்குப் போகும் பழக்கத்தை நாம் விட வேண்டும். நானே பெரிய உதாரணம்.

எதிர்க்கரைக் கதை

இந்நோய் நமக்குப் புதிது என்று எண்ணிவிட வேண்டாம். கிள்ளான் துறைமுகத்துக்கு மேற்கே, மலாக்கா நீரிணையின் எதிர்க்கரையில் சுமத்திராவின் டெலி வட்டாரம் இருக்கிறது; இன்றைய மேடான் நகரைச் சுற்றிய பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர்கள் அங்கே பெரும் புகையிலைத் தோட்டங்களை நடத்தினார்கள். சுருட்டின் மேல்சுற்றுக்கு டெலி இலை உலகப் புகழ் பெற்றது. அத்தோட்டங்களில் மாட்டுவண்டி ஓட்டவும் கால்வாய் வெட்டவும் தமிழர்கள் இருந்தார்கள். மேடானில் கம்போங் கெலிங் என்று வழங்கிய பகுதி அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம்.

அப்புகையிலையை வாட்டிய நோய்க்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் சளி நோய். ஆம், குவளையில் வடிந்த அதே சளி, அதே பாக்டீரியா. புகையிலையும் தக்காளியும் ஒரே கத்தரிக் குடும்பம். ஒருமுறை புகையிலை போட்ட நிலத்தை ஏழெட்டு ஆண்டுகள் காடாக விட்டுவிட்டு மறுபடி போடும் வழக்கம் அங்கே இருந்தது. மண்வளத்துக்காகவும் நோயைத் தணிக்கவும் அது உதவியது. கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தது. ஏழாண்டு காத்திருக்க முடிந்தது. அம்மாவுக்கு இருப்பது கார் நிறுத்தும் அளவு. ஆகவே எங்கள் சிக்கல் வேறு.

மண்ணைத் திருத்த முடியுமா?

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தரையில் இந்த பாக்டீரியா குடியேறிவிட்டால் அதை முற்றாக நீக்க வீட்டளவில் நம்பத்தக்க வழி கிடையாது. ஈர மண்ணிலும், களைகளின் வேரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். களை வாடிக் காட்டிக் கொடுக்கவும் செய்யாது. இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இதற்கு இடங்கொடுக்கின்றன. செம்பு மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி என்று எதை வேரில் ஊற்றினாலும் குழாய்க்குள் இருப்பதை எட்டாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மண்ணில் கொட்டுவது வேறு ஆபத்துகளுக்கும் வழிவகுக்கும்.

இஸ்ரேலில் 1970-களில் உருவான சூரிய வெப்பமூட்டல் முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நனைத்த மண்ணை ஒளி ஊடுருவும் நெகிழித்தாளால் இறுக மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் கொளுத்தும் வெயிலில் விடுவது. வறண்ட நாட்டுக் கோடைக்கு அது பொருத்தம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிடும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மேல்மண் சூடாகும், ஆழத்து மண் அவ்வளவாகச் சூடாகாது. நான் செய்து பார்த்தேன். களை செத்தது. தக்காளியும் செத்தது.

தொட்டி மண் என்றால் நம்பிக்கை உண்டு. ஈரமண்ணை நீராவியில் 70 பாகைக்குக் குறையாமல் அரைமணி நேரம் வைத்தால் பெரும்பாலான நோயுயிரிகள் அழியும். மண்ணின் நடுவில் ஓர் உருளைக்கிழங்கைப் புதைத்து வைத்தால், அது வெந்திருப்பது சூடு உள்ளே எட்டியதற்கு அடையாளம் என்பது பழைய தோட்டக்காரர்களின் வழக்கம். (அந்த உருளைக்கிழங்கும் இதே நோய்க்கு ஆளாகும் செடி என்பது ஒரு வேடிக்கை.) இட்லிப் பானையை எடுக்கக்கூடாது என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நாங்கள் பெரிய பிஸ்கட் தகரத்தைப் பயன்படுத்தினோம். வெந்த மண்ணில் நல்ல உயிர்களும் செத்திருக்கும். மக்கிய உரத்தைக் கலந்து சில நாள் ஆறவிட்ட பிறகே நட வேண்டும்.

அதைவிட எளிது, மண்ணையே தவிர்ப்பது. நம் நாட்டு மிளகாய்ப் பயிர்க்காரர்கள் வரிசை வரிசையாகப் பைகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பிச் சொட்டுக்குழாய் வழியே உரநீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெர்திகாசி என்கிறார்கள். அம்முறை இங்கே இவ்வளவு பரவியதற்கு மண்நோயிலிருந்து தப்புவது ஒரு பெரிய காரணம். வீட்டுக்குச் சொட்டுக்குழாய் தேவையில்லை. கையால் ஊற்றினாலே போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பையைத் தரையில் வைத்தால் அடித்துளை வழியாக வேர் இறங்கித் தரைமண்ணைத் தொட்டுவிடும். இரண்டு செங்கல்லின்மேல் உயர்த்தி வையுங்கள். இதைத் தெரியாமல் நான் ஒரு பருவத்தை இழந்தேன்.

தரையிலேயே நட விரும்புவோர், செத்த செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். உரக்குழியில் போடக்கூடாது. சங்கோலையும் கத்தியையும் கழுவி, பிளீச் ஒரு பங்கு நீர் ஒன்பது பங்கு என்ற கலவையில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அவ்விடத்தில் கத்தரி, மிளகாய், உருளை, இஞ்சி வேண்டாம். வெண்டை, பாயாம், கங்கோங், சோளம் வளரும். நூற்புழு இருந்தால் செண்டுமல்லி நடலாம். நூற்புழு கடித்த காயந்தான் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு.

கேமரன் மலையில் மட்டும் எப்படித் தக்காளி விளைகிறது என்று அம்மா ஒருநாள் கேட்டார். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சி ஒரு காரணம். வெப்பநாட்டு வகைப் பாக்டீரியா 30 பாகையை ஒட்டிய சூட்டில்தான் துள்ளி விளையாடுகிறது. குளிரில் வேகம் குறைகிறது. அம்மா நட்டவை அந்த மலைத் தக்காளியின் விதைகள். கிள்ளானின் சூட்டையும் நோயையும் தாங்க அவை உருவாக்கப்பட்டவை அல்ல. தாழ்நிலத்துக்கென்றே தெரிவு செய்யப்பட்ட இரகங்கள் உண்டு. 1969-இல் தோன்றிய நம் மார்டி நிறுவனம் எம்.டி.1 என்னும் வாடல் தாங்கும் இரகத்தை வெளியிட்டது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, பெங்களூர் தோட்டக்கலை நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் ஆகியவையும் இவ்வகையின. தாங்கும் என்றால் சாகவே சாகாது என்று பொருளில்லை. ஓரிடத்துப் பாக்டீரியாவைத் தாங்கும் இரகம் இன்னோரிடத்தில் விழலாம்.

சுண்டைக்காய்

பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில் பாதை ஓரம், கிள்ளானில் காலிமனைகள் என்று எங்கு பார்த்தாலும் தானாக முளைத்து நிற்கும் சுண்டைக்காய்ச் செடியை நாம் யாரும் நட்டதில்லை. மலாயில் தெருங் பிப்பிட் என்பார்கள். சிட்டுக்குருவிக் கத்தரிக்காய் என்று பொருள். தக்காளிக்கும் கத்தரிக்கும் உறவுக்காரச் செடி. அதன் வேர் பாக்டீரிய வாடலையும் நூற்புழுவையும் நன்கு எதிர்த்து நிற்கிறது. தமிழ்நாட்டில் சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடும் முறை இன்று உழவர்களிடம் பரவியிருக்கிறது. தைவானில் 1971-இல் அமைந்த காய்கறி ஆய்வு நடுவம், ஈ.ஜி.203 என்னும் கத்தரி வேரிலும், ஹவாயி 7996 என்னும் தக்காளி வேரிலும் தக்காளியை ஒட்டுக்கட்டப் பரிந்துரைத்து, அதன் செய்முறையைப் பல நாடுகளுக்குக் கற்றுக் கொடுத்தது. எங்களுக்கு அவ்விதைகள் கைவசம் இல்லை. சுண்டைக்காய் இருந்தது. கத்தரி அளவுக்குத் தக்காளி அதனோடு ஒத்துப்போகாது என்று தோழி எச்சரித்தாள். பரவாயில்லை என்று 2024-இல் இறங்கினோம்.

பழுத்த சுண்டைக்காயைப் பிசைந்து விதையெடுத்து, வெந்த மண்ணில் தூவினோம். முளைக்கவே மூன்று வாரமாயிற்று. அதன்பின்னும் ஆமை வேகம். தக்காளி விதையை ஒரு மாதம் கழித்தே போட்டோம். இரண்டின் தண்டும் ஒரே பருமனாக, தீக்குச்சியைவிடச் சற்று மெலிதாக இருக்கும்போது கட்ட வேண்டும். சவரக் கத்தியால் இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, வெட்டுமுகங்களைப் பொருத்தி, மேலே சிறு இரப்பர்க் குழாய்த் துண்டைப் போட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு நெகிழிப் பெட்டிக்குள், உள்ளே வியர்க்கும் அளவு ஈரத்தோடு, நிழலில் நான்கு நாள். ஐந்தாம் நாளிலிருந்து சிறிது சிறிதாகத் திறந்து, பத்தாம் நாள் வெளியே எடுக்கலாம். எங்கள் கணக்கு பன்னிரண்டில் ஐந்து. கணக்கு ஏட்டில் இப்படி எழுதினால் வேலை போய்விடும்.

நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். தக்காளித் தண்டை ஆழமாகப் புதைத்தால் வேர் அதிகம் விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். சாதாரணச் செடிக்கு அது சரி. ஒட்டுச்செடியைப் புதைத்தால் மேலே உள்ள தக்காளித் தண்டிலிருந்து வேர் இறங்கும். அந்த வேர் வழியாக நோய் ஏறும். பட்ட பாடெல்லாம் வீண்.

அந்தப் பையன்

பள்ளிக்குப் போய்ச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒருநாள் முழுக்க எண்ணினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மண் நான் கொண்டுவந்தது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பெரியவர்கள் தோட்டத்தை மூடிவிட்டு மேசைப்பந்து வாங்கலாம் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக் குவளையோடு போனேன். வகுப்பில் எல்லாரும் சுற்றி நிற்க, கடைசியாக வாடிய செடியின் தண்டைத் தொங்கவிட்டேன். இழை வடியத் தொடங்கியதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இது எங்கிருந்து வந்தது, எப்படிக் குழாயை அடைக்கிறது, எந்த மூட்டையில் ஏறி எந்த இரயிலில் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் நின்ற அந்தப் பையன் மெதுவாக, "அப்ப நான் கொல்லலையா டீச்சர்?" என்று கேட்டான். நான் டீச்சர் இல்லை. அதைத் திருத்தவும் தோன்றவில்லை. "இல்லப்பா. மண்ண நான்தான் கொண்டுவந்தேன்" என்றேன்.

பைகளையும் மண்ணையும் கட்டி அப்புறப்படுத்தினோம். பள்ளித் தோட்டம் இப்போது நார்த்தூளில், செங்கல்லின்மேல். மண் கொடுத்த மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் அடுத்த ஆறு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை; அவருடைய மிளகாயும் போயிருந்தது.

கிள்ளானில் ஐந்து ஒட்டுச்செடிகளில் மூன்று காய்த்தன. இரண்டு, நோயால் இல்லாமல், ஒட்டு சரியாகப் பிடிக்காமல் மெலிந்து போயின. அந்த மூன்றும் கால்வாய் ஓர மூலையிலேயே நின்றன. எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கிண்ணம் மறுபடி போகிறது. ஒட்டுக்குக் கீழே சுண்டைக்காய் துளிர்விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தக்காளியை அமுக்கிவிடும் என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சென்ற முறை போனபோது பார்த்தால், ஒரு செடியில் கீழிருந்து சுண்டைக்காய் என் இடுப்புயரம் வளர்ந்து காய்த்து நிற்கிறது.

"ஏம்மா இத விட்டீங்க?"

"வத்தக் கொழம்புக்கு."